இறந்தால் அமரன்... திரும்பி வந்தால்?

வேலூர் லாங் பஜாரில் மூட்டை தூக்குபவர்களுக்கும் ஷேர் ஆட்டோக்களுக்கும் நடுவே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. அதில் பதித்திருக்கும் கல்வெட்டை நின்று படிப்பவர்கள் குறைவு. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்பதுதான் அந்தக் கல் சொல்லும் சேதி.

ஒரு சின்னக் கழித்தல் கணக்கு. 277-ல் 14 போனால் மிச்சம் 263. போரைப் பார்த்துவிட்டு உயிரோடு மிஞ்சிய அந்த 263 பேர் பிறகு என்ன ஆனார்கள்? என்ன வேலை கிடைத்தது? ராத்திரியில் தூக்கம் வந்ததா? ஊர் அவர்களை எப்படிப் பார்த்தது? கல் வாய் திறக்கவில்லை.

நூறு வருடம் கழித்தும் அந்த மௌனம் கலையவில்லை. இறந்த சிப்பாய்க்கு நம்மிடம் கண்ணீர் உண்டு, கட் அவுட் உண்டு, சினிமா உண்டு. திரும்பி வந்த சிப்பாய்க்கு நம்மிடம் இருப்பதெல்லாம் சில கேலிகளும் சில கேள்விகளும்தான்.

'ரெண்டு பாட்டில் கிடைக்குமா சார்?'

முன்னாள் ராணுவத்தினர் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் காதில் விழும் முதல் கேள்வி அநேகமாக இதுதான். ராணுவ கேன்டீனில் சலுகை விலைக்குக் கிடைக்கும் ரம், அவர்களுடைய பதினைந்து இருபது வருட சர்வீஸையும் ஒரே மடக்கில் விழுங்கிவிடுகிறது. நாகாலாந்து காட்டில் இருந்தாரா, சியாச்சினில் இருந்தாரா என்று கேட்க ஆளில்லை. 'கோட்டா' மீதம் இருக்கிறதா என்று கேட்கப் பத்து பேர் இருக்கிறார்கள்.

அடுத்தது கோபம். "பட்டாளத்தான் வீடா? பார்த்துப் பேசு" என்பது ஊர்ப்பக்கத்து எச்சரிக்கை. பெண் கேட்டுப் போகும்போது "வருஷத்துக்கு ரெண்டு மாசம்தானே வீட்ல இருப்பாரு" என்று இழுப்பார்கள். அவர் ஓய்வுபெற்று வந்த பிறகு "எப்பப் பார்த்தாலும் வீட்லயே இருக்காரு" என்று அலுத்துக்கொள்வதும் அதே சொந்தங்கள்தான்.

மூன்றாவது, ஏடிஎம் வாசல். 'எக்ஸ் சர்வீஸ்மேன்' என்றதும் நம் மனக்கண்ணில் வருவது, வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் நரைத்த மீசைக்காரர்தான். இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

சாதாரண சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டு பணி வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவர்களில் பலர் 35-லிருந்து 40 வயதுக்குள் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கூடப் படித்தவன் அரசு அலுவலகத்தில் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் வயதில், இவர் பயோடேட்டா அச்சடித்துக்கொண்டு அலைகிறார். பிள்ளை ஆறாம் வகுப்பில் இருப்பான். வீட்டுக் கடன் பாக்கி இருக்கும்.

அந்த பயோடேட்டாவில் என்ன எழுதுவது? பட்டாளம் என்றால் எல்லோரும் எல்லையில் துப்பாக்கியோடு நிற்பவர்கள் என்று நாம் நினைக்கிறோம். டாங்கி இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவர், சிக்னல்ஸ் பிரிவில் தகவல் தொடர்பைக் காப்பவர், ராணுவ மருத்துவமனையில் நர்சிங் உதவியாளர், பாலம் கட்டுகிறவர், கணக்கு எழுதுகிறவர் என்று அதற்குள் ஓர் ஊரே இருக்கிறது. வெளியே வந்ததும் அத்தனை பேருக்கும் ஒரே சீருடை, 'செக்யூரிட்டி'.

தமிழ்நாடு அரசு 1986-ல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம், முன்னாள் படைவீரர்களுக்கு வேலை வாங்கித் தருவதற்கென்றே இருக்கிறது. அது பல குடும்பங்களில் அடுப்பெரிய வைத்திருக்கிறது என்பது உண்மை. அங்கும் பெரும்பாலும் கிடைப்பது காவல் பணிதான் என்பதும் உண்மை. 2024 சுதந்திர தினத்தன்று அறிவிக்கப்பட்ட 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம், தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 சதவீத மூலதன மானியமும் தருகிறது. வாசலில் நின்றவரை முதலாளி நாற்காலியில் உட்கார வைக்கும் யோசனை அது. அந்த மாதிரி யோசனைகள் இன்னும் பல வேண்டியிருக்கின்றன.

தியேட்டரில் அழுதோம்... பிறகு?

2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளோடு நடந்த மோதலில் உயிரிழந்தவர் சென்னையைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன். அவருக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது. பத்து ஆண்டு கழித்து, 2024 தீபாவளிக்கு அவர் கதை 'அமரன்' படமாக வந்தபோது தமிழ்நாடே தியேட்டரில் அழுதது. கார்கில் போரின் தொடக்க நாள்களில், 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் விழுந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் உயிரிழந்த 20 பேரில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. அவருக்கு வீர் சக்ரா கிடைத்தது.

இந்த மரியாதைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்னும் கூடச் செய்யலாம். ஆனால், முகுந்தோடு, சரவணனோடு, பழனியோடு அன்றைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இருப்பார்கள் அல்லவா? குண்டு ஓர் அடி தள்ளிப் போனதால் உயிரோடு வந்தவர்கள்? நண்பனின் உடலைச் சுமந்தவர்கள்? அவர்களில் ஒருவர் ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் நின்றாலும் நமக்குத் தெரியாது.

இது நமக்குப் பழைய பழக்கம். வேலூருக்குப் பக்கத்திலேயே செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். மாடு மீட்கப் போய் விழுந்தவனுக்குக் கல் நட்டோம். மீட்டுக்கொண்டு வீடு திரும்பியவனுக்கு எதையும் நடவில்லை. மகன் புறமுதுகிட்டானோ என்று சந்தேகப்பட்டு வாளோடு போர்க்களம் போன புறநானூற்றுத் தாயைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். மார்பில் புண்பட்டு இறந்து கிடந்த மகனைப் பார்த்து அவள் மகிழ்ந்தாள் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம். கால் ஒடிந்து உயிரோடு திரும்பி வந்த மகனை எந்தத் தாய் எப்படி வைத்துப் பார்த்துக்கொண்டாள் என்ற பாடம் நமக்கு நடத்தப்படவில்லை.

கிணற்றுத் தண்ணீர் நல்லாயிருக்கும்

எங்கள் தெருவில் ஒரு ஹவில்தார் மாமா இருந்தார். கறுப்பு இரும்புப் பெட்டியில் வெள்ளை பெயின்டால் எழுதிய அவர் பெயரையும் ராணுவ எண்ணையும் எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் நாங்கள் இங்கிலீஷ் படித்தோம். பெட்டிக்குள் இருந்தது மூன்று கம்பளியும் ஒரு மக்கும்தான். மடித்த கம்பளியின் விளிம்பு ஸ்கேல் வைத்ததுபோல் நேராக இருக்கும். எந்தப் பயல் அதில் கை வைத்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

"எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?" என்று நாங்கள் கேட்காத நாளில்லை. அவர் பனியைப் பற்றிச் சொல்வார். காட்பாடியில் ஹிம்சாகர் ஏறினால் ஜம்மு போய்ச் சேர எத்தனை வேளை சாப்பாடு கட்ட வேண்டும் என்று சொல்வார். அவருடைய கதைகள் எல்லாமே சாப்பாடு, குளிர், ரயில். ஒரே ஒரு ஊருக்கு மட்டும் கதை இல்லை. "சிலோன்ல ரெண்டு வருஷம் இருந்தேன்டா. அங்க எல்லா வீட்லயும் கிணறு இருக்கும். தண்ணி நல்லாயிருக்கும்." அவ்வளவுதான். பிறகு எழுந்து உள்ளே போய்விடுவார்.

அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் என்ன இருந்தது என்று புரிய எனக்கு வெகு காலம் ஆனது.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அமைதிப்படை என்ற பெயரில் இந்திய ராணுவம் ஈழத்துக்குப் போனது. அக்டோபரில் அதே படை விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. அக்டோபர் 12 அதிகாலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 21, தீபாவளியன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்திய ராணுவம் நுழைந்தது. நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இருதரப்புத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நேர்ந்த சாவுகள் என்றது ராணுவம். உயிர் தப்பியவர்களின் சாட்சியம் வேறு மாதிரி இருந்தது.

மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் படையணிகளும் அந்தப் போரில் இருந்தன. அந்தத் தமிழ்ச் சிப்பாயின் நிலையை யோசித்துப் பாருங்கள். சோதனைச் சாவடியில் எதிரே நின்று கெஞ்சும் கிழவி பேசுவது அவனுடைய அம்மாவின் மொழி. அவளுக்கு அவன் 'இந்தியன் ஆமி'. ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கோ அவன் 'நம்ம சனத்தையே சுடப்போனவன்'.

1990 மார்ச் 24 அன்று கடைசி அணி இலங்கையை விட்டுக் கிளம்பியது. சென்னைக்குத் திரும்பிய படைக்கு அளிக்கப்பட்ட வரவேற்பில் அன்றைய முதல்வர் கருணாநிதி கலந்துகொள்ளவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் தரப்பு நியாயம். தமிழ்நாட்டில் அன்று பெரும்பாலோர் மனநிலையும் அதுதான். அந்தப் போரில் 1,100-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் இறந்திருந்தார்கள். டெல்லியில் 2019 பிப்ரவரியில் தேசியப் போர் நினைவகம் திறக்கப்படுவதற்கு முன்பே, அவர்களுக்குக் கொழும்பில் நினைவுச் சின்னம் எழுந்துவிட்டது. சொந்த நாட்டை முந்திக்கொண்டது, வெளியே போகச் சொன்ன நாடு.

சென்னை ஆற்காடு சாலையில் சாலிகிராமத்தில் 'பரமேஸ்வரன் விஹார்' என்ற ராணுவக் குடியிருப்பு இருக்கிறது. ஆட்டோக்காரருக்கும் ஸ்விக்கி பையனுக்கும் அது ஒரு முகவரி. 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சண்டையிட்டு மாண்டவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். சென்னை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயின்றவர். நாட்டின் உச்ச விருதான பரம்வீர் சக்ரா பெற்ற தமிழர். அந்தப் பெயரை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தரவில்லை. ஏனென்றால் அவரைச் சொன்னால் அந்தப் போரைச் சொல்ல வேண்டும். அந்தப் போரைச் சொன்னால் அந்த மருத்துவமனையையும் சொல்ல வேண்டும்.

இரண்டையும் சொல்லலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. குற்றம் நடந்தது என்று சொன்னால் போரில் இருந்த ஒவ்வொருவனையும் கொலைகாரன் என்று சொன்னதாகாது. வீரம் இருந்தது என்று சொன்னால் செத்த நோயாளிகளை மறந்ததாகாது. போரை முடிவு செய்தவர்கள் டெல்லியிலும் கொழும்பிலும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்கப்பட்டதோ, கிணற்றடியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்ட ஹவில்தார் மாமாக்களிடம்.

போரைப் பார்த்தவர் போர் கேட்பாரா?

ராணுவத்தில் இருந்தவர் என்றாலே போர் வெறியர் என்பது இன்னொரு முத்திரை. தொலைக்காட்சி விவாதங்களில் மீசையை முறுக்கிக்கொண்டு 'ஒரே அடியில் முடிக்க வேண்டும்' என்று முழங்கும் சில ஓய்வுபெற்ற அதிகாரிகள் அந்த முத்திரைக்கு மை ஊற்றுகிறார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

பம்பாயில் பிறந்த தமிழர் அட்மிரல் ராம்தாஸ். 1971 போரில் வங்கக் கடலில் ஐ.என்.எஸ். பியாஸ் கப்பலை நடத்தி வீர் சக்ரா பெற்றவர். 1990 முதல் 1993 வரை கடற்படைத் தளபதி. ஓய்வுக்குப் பிறகு இந்திய-பாகிஸ்தான் மக்களிடையே நல்லுறவுக்கும், அணு ஆயுத ஒழிப்புக்கும் உழைத்தார். 2004-ல் பாகிஸ்தானின் மனித உரிமைச் செயல்பாட்டாளர் ஐ.ஏ. ரெஹ்மானோடு சேர்த்து அவருக்கு மகசேசே விருது தரப்பட்டது. 2024 மார்ச்சில் அவர் இறந்தபோது தமிழ் நாளிதழ்களில் எத்தனை வரி வந்தது என்று தேடிப் பாருங்கள்.

2025 மே மாதம். பஹல்காம் படுகொலைக்குப் பதிலடியாக ஆபரேஷன் சிந்தூர் நடந்து, மே 10 அன்று சண்டை நிறுத்தம் வந்தது. 'ஏன் நிறுத்தினீர்கள்?' என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு போன் வழியே பலர் கொதித்தார்கள். மறுநாள் புனேயில் பேசிய முன்னாள் தரைப்படைத் தளபதி நரவனே, போர் ஒன்றும் காதல் கதை அல்ல, பாலிவுட் சினிமாவும் அல்ல என்றார். உத்தரவு வந்தால் போவேன், ஆனால் முதலில் தேட வேண்டிய வழி பேச்சுவார்த்தை என்பது அவர் பேச்சின் சாரம். இளம் அதிகாரியாக இலங்கையில் அமைதிப்படையில் இருந்தவர் அவர். கல்வானில் பழனி உள்ளிட்ட 20 பேர் மாண்டபோது தளபதியாக இருந்தவரும் அவர்தான். போரைப் பற்றிச் சொல்ல இவருக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு இருக்கிறது?

முன்னாள் வீரர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுபவர்களும் அல்ல. 2019 தேர்தல் நேரத்தில், ராணுவத்தை அரசியலுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று 150-க்கும் மேற்பட்டோர் பெயரில் குடியரசுத் தலைவருக்கு ஒரு கடிதம் போனது. நாங்கள் அதில் கையெழுத்துப் போடவே இல்லை என்று அதிலிருந்த சிலர் மறுத்தார்கள். பட்டாளம் என்பது ஒரே அச்சில் வார்த்த பொம்மைக் கூட்டம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி இல்லை.

தூக்கத்தில் வரும் போர்

நரவனே அன்று இன்னொன்றும் சொன்னார். கோரக் காட்சிகளைப் பார்த்தவர்கள் இருபது வருடம் கழித்தும் வியர்த்து விறுவிறுத்து எழுந்திருக்கிறார்கள், அவர்களுக்கு மனநல சிகிச்சை தேவைப்படுகிறது என்றார். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-ல் இந்த நோய்க்குத் தனிப் பெயரே கொடுத்தார்கள். அந்தப் போரையும் அந்த நாட்டு மக்களில் பலர் வெறுத்தார்கள். போரை வெறுத்தாலும் போனவனைப் பேச விட வேண்டும் என்று அவர்கள் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன.

நம் ஊரில் இந்த நோய்க்கு இருக்கும் பெயர்கள் 'சிடுமூஞ்சி', 'குடிகாரன்', 'மண்டை கழண்ட கேஸ்'. குடிக்கிற முன்னாள் வீரர்கள் இல்லவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பாட்டில் கேட்டுப் போகிற நாம், அந்தப் பாட்டில் அவருக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்று கேட்டதில்லை.

அவர்கள் இரக்கத்தையும் விரும்புவதில்லை. 2015-ல் ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தவர்களை, சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் போலீஸ் நெட்டித் தள்ளியது. மார்பில் பதக்கங்களோடு முதியவர்கள் தள்ளாடிய காட்சியை நாடே பார்த்தது. 'சிப்பாயும் பணத்துக்குக் கொடி பிடிக்கலாமா?' என்றும் சிலர் முகம் சுளித்தார்கள். செப்டம்பர் 5 அன்று அரசு திட்டத்தை அறிவித்தது. அவர்கள் கேட்டது பிச்சையல்ல, கணக்கு.

இனி வருபவர்களுக்கு வயது 25

ஏடிஎம் வாசலின் அந்த நரைத்த மீசைப் படம் சீக்கிரம் காலாவதியாகப் போகிறது. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி, சேருபவர்களில் 25 சதவீதம் வரைதான் நான்கு ஆண்டுக்குப் பிறகும் தொடர முடியும். மற்றவர்கள் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் அளவிலான சேவை நிதியோடு வெளியே வருவார்கள். ஓய்வூதியம் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது. முதல் அணி சேர்ந்தது 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும். நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள். தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர். இதுவரை அந்த ஊருக்குத் திரும்பியவர்களிடம் மாதாமாதம் வரும் பென்ஷனாவது இருந்தது. இனி திரும்பும் பையனுக்கு மீசையே சரியாக அரும்பியிருக்காது. அவனுக்கு நாம் என்ன பெயர் வைக்கப்போகிறோம்?

டிசம்பர் 7 கொடிநாள். 1949 முதல் கொண்டாடுகிறோம். சட்டையில் சின்னக் கொடியைக் குத்திவிட்டு உண்டியலை நீட்டுவார்கள், போடுங்கள். ஆனால், அதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் தெருவிலோ அபார்ட்மென்ட் வாசலிலோ ஒரு பட்டாளத்தார் கண்டிப்பாக இருப்பார். பாட்டில் கேட்காதீர்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். "எங்கெங்கே இருந்தீங்க ஐயா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பனியைப் பற்றிச் சொன்னாலும் சரி, கிணற்றைப் பற்றிச் சொன்னாலும் சரி, இடையில் எதுவும் பேசாமல் கேளுங்கள்.